நோயாளிக்கு என்ன உறவு

பெயர் துளசிமணி. வயது நாற்பத்தொன்பது.
ஊர் அனுப்பர்பாளையம்.
மூன்றையும் நிற்காமல் எழுதிவிட்டேன்.
நாலாவது கட்டத்தில் பேனா நின்றது.
பின்னால் ஒருவர் இருமினார்.

பார்ட்னர்
என்று எழுதினேன்.

வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்தாள்.
கையில் பாதி அழிந்த மருதாணி.
"எந்த மாதிரி பார்ட்னருங்?"
கேலி இல்லை அந்தக் குரலில்,
அவள் கம்ப்யூட்டரில் கட்டங்கள் கம்மி, அவ்வளவுதான்.

எந்த மாதிரி.

பதினாறு வருஷத்துக்கு முன்னால்
ஆடிட்டர் முத்திரைத்தாளில் அடித்த மாதிரி:
லாபம் ஆளுக்குப் பாதி, நஷ்டமும்.
நாலு ஓவர்லாக், இரண்டு பேட்லாக்.
அவள் வளையலை விற்றாள், நான் சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
செக்கில் இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

டென்மார்க் கிர்ஸ்டன் போன வருஷம் வந்தபோது
கூட வந்த தாடிக்காரரைக் காட்டி
என் பார்ட்னர் என்றாள்.
அவரை உட்கார வைத்து
துணி எடை, சாயம், சுருக்கம் எல்லாம் விளக்கி
பீஸுக்கு எட்டு சென்ட் ஏற்றிக் கேட்டு
அரை மணி கழித்துத்தான் தெரிந்தது,
அவர் ஏதோ பள்ளிக்கூடத்தில்
ட்ரம்பெட் ஊதச் சொல்லித் தருகிறவர்.
துளசிமணி சிரித்த சிரிப்பில்
செக்கிங் டேபிளில் கைகள் நின்றுவிட்டன.
கிளம்பும்போது கிர்ஸ்டன் கேட்டாள்,
நீங்களும் பார்ட்னர்ஸ்தானே?
ஆமாம் என்றோம், ஒரே நேரத்தில்.
எதற்கு ஆமாம் சொன்னோம் என்று
பிறகு நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

தமிழில் எழுதலாம் என்றால் பங்காளி.
எங்கள் பக்கம் பங்காளி என்பவன்
ஒரே கூட்டம், ஒரே குலசாமி,
கிணற்றுத் தண்ணிக்கு முறை வைத்துவிட்டு
முறை தப்பினால் கோபி கோர்ட்டுக்குப் போகிறவன்.
கூட்டாளி என்றால்
அடுத்த வார்த்தை கைது.
ஒறம்பரை என்று போடலாம்,
ஆனால் ஒறம்பரை
ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

இவள் கிளம்பவில்லை.
வாடகை மிச்சமாகும் என்றுதான்
கம்பெனிக்கு மேலேயே ஒரே வீடாகப் பிடித்தோம்.
ராத்திரி கரண்ட் போனால்
எழுந்து ஜன்னலைத் திறப்பது அவள்.
இருட்டில் சொம்பைத் தட்டிவிடுவது நான்.

அதற்குள் பெருந்துறையிலிருந்து சென்னியப்பன் வந்துவிட்டார்.
அண்ணன், என்றார்.
அந்தப் பெண் ஒரே தட்டில் கட்டத்தை நிரப்பினாள்.
ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன்.

"சுகர் மாத்திரை என்ன எடுக்கறாங்க?
ஏதாச்சும் மருந்து ஒத்துக்காதுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார்.
காலையில் அரை, ராத்திரி ஒன்று.
பென்சிலின் ஆகாது.
மயக்கம் தெளியும்போது யாராவது விளக்கைப் போட்டால்
கத்துவாள்.
சொல்லச் சொல்ல அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.
இதற்கெல்லாம் உறவுமுறை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கண் திறந்தாள்.
என்ன கிழமை?
சனி.
சம்பளம்?
பதினெட்டுப் பேரும் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று
நான் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்.
"செக் புக் கொண்டாந்தியா?"

ஊசி குத்திய கையாலேயே போட்டாள்.
எழுத்து சரிந்து இறங்கி
என் பெயரின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.
ஒரு கையெழுத்து இன்னொன்றின் மேல் படக் கூடாது,
பேங்க்கில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்,
வேறு செக் கிழிக்கட்டுமா என்றேன்.

"ஒத்துக்குவாங்க, போ"
என்று கண்ணை மூடிக்கொண்டாள்.